அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எதில் சேர்ப்பது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் சில வருஷம் இருந்தேன். மார்ச் மாதம் சேர்க்கை தொடங்கிவிட்டால் போதும், தெருவில் யாராவது ஒருவர் வந்து, "அக்கா, எந்தப் பள்ளிக்கூடத்துல போடலாம்?" என்று கேட்பார்கள். சுற்றி நாலு கிலோமீட்டருக்குள் ஆறு பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பள்ளிகளின் பெயரைச் சொல்லி இது நல்லது, அது சுமார் என்று எழுதவில்லை. எச்.எம். மாறினால் பள்ளி மாறிவிடும். இன்று நான் மெச்சி எழுதுகிற பள்ளி மூன்று வருஷத்தில் வேறு மாதிரி ஆகலாம். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் எந்த வருஷமும் நீங்களே முடிவு செய்யலாம்.

எங்கள் பகுதியில் பலவிதப் பெயர்ப்பலகை இருக்கிறது. எல்லாம் அரசுப் பள்ளிதானா?

கிராமத்தில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு: 1 முதல் 5 வரை உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 1 முதல் 8 வரை உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. நகரத்தில் நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள். ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிகள் தனி. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உண்டு. இவை எல்லாமே அரசுப் பள்ளிகள்தான்.

அரசு உதவிபெறும் பள்ளி வேறு. நிர்வாகம் ஒரு சபையிடமோ அறக்கட்டளையிடமோ தனி ஒருவரிடமோ இருக்கும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். புத்தகமும் சத்துணவும் அங்கேயும் உண்டு. எங்கே அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் பிரிகின்றன என்பதைக் கீழே சொல்கிறேன், அது ஆறாம் வகுப்பில்தான் பெரிதாகத் தெரியும்.

பத்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி விகிதம் போடுகிற மாதிரி தொடக்கப் பள்ளிக்கும் ஏதாவது உண்டா?

கிடையாது. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் ஓர் அறிவிப்பு வந்தது. 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள். நல்லதுதான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்ன வேண்டிக்கிடக்கிறது? எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், "எங்கள் பள்ளியில் எல்லாரும் பாஸ்" என்று யாராவது சொன்னால் அதில் ஒரு செய்தியும் இல்லை. தேசிய அடைவுத் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. அது மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்து மாவட்டம், மாநிலம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றி அதில் தேடாதீர்கள்.

மார்க் இல்லாததால்தான் மக்கள் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன்.

கட்டடம் நன்றாக இருந்தால் பள்ளியும் நன்றாக இருக்காதா?

என் மூத்தவனைப் புதுக் கட்டடம் உள்ள பள்ளியில் சேர்த்தேன். டைல்ஸ் தரை, சுவரெல்லாம் ஓவியம், பெரிய டிவி. இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் வருஷத்தில் பாதி நாள் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். எனக்கு அது தெரியாது. பையன் நோட்டைப் பார்த்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாம் வகுப்பு பாதியில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். "என்ன பஸ்னு படி" என்றேன். "பேராவூரணி" என்றான், டக்கென்று. எனக்கு ஒரே பெருமை. அடுத்து வந்த பஸ்ஸையும் "பேராவூரணி" என்றான். அது அறந்தாங்கி பஸ். இரண்டும் ஒரே பச்சை. கூப்பிட்டு அவன் நோட்டையே பிரித்து, அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னேன். தெரியவில்லை. போர்டில் இருப்பதைப் படம் வரைகிற மாதிரி பார்த்து எழுதியிருக்கிறான்.

அந்த ஒற்றை ஆசிரியரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஐந்து வகுப்பை அவர் ஒருவரே வைத்துக்கொண்டிருந்தார். பையனை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஓட்டுக் கட்டடத்தில் நடந்த இன்னொரு ஒன்றியப் பள்ளிக்கு மாற்றினேன். மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும். ஆனால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, உரச் சாக்கு, எதைப் பார்த்தாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்வான்.

அப்படியானால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

"இங்கே எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர், அதில் இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவதை மட்டும் கேட்டால் பதிவேட்டில் உள்ள எண்ணைச் சொல்வார்கள். என்னைக் கவிழ்த்தது மூன்றாவது எண்தான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 1 முதல் 5 வரையான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, அதற்கு மேல் 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால் ஐந்து ஆசிரியர் போகத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 35 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 2 ஆசிரியர் என்றால் தலைக்குப் பதினேழு பதினெட்டுப் பிள்ளைகள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வகுப்பு ஐந்து. இரண்டு பேரில் ஒருவர் எச்.எம். அவர்தான் பாடமும் நடத்த வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும், இணையத்தில் விவரமும் ஏற்ற வேண்டும், கூட்டத்துக்கும் போக வேண்டும். இன்னொருவர் பயிற்சிக்குப் போன நாளில் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். 65 பிள்ளைகளோடு 3 ஆசிரியர் இருக்கும் பள்ளி, தலைக்கணக்கில் இதைவிட நெருக்கடியாகத் தெரிந்தாலும், ஒருவர் விடுப்பு எடுத்தாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். நான் மூன்று ஆசிரியர் பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காலியிடம் இருக்கிறதா, மாற்றுப்பணியில் யாராவது போயிருக்கிறார்களா, தற்காலிக ஆசிரியர் உண்டா என்றும் கேளுங்கள். எச்.எம். எரிச்சல்படுவாரோ என்று தயங்க வேண்டாம். ஆள் பற்றாக்குறையால் அதிகம் கஷ்டப்படுகிறவர் அவர்தான்; கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்.

ஈராசிரியர் பள்ளி என்றாலே ஒதுக்கிவிடலாமா?

கூடாது. இரண்டு பேரும் ஒழுங்காக வந்து, திட்டத்தோடு நடத்தினால் சின்னப் பள்ளி மாதிரி சுகம் வேறில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரம் வரை டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

பல வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்திருப்பதைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காருவது, வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்றுக்கொடுக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இயல்பான விஷயம். 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் வந்தது. அதில் கீழ் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பார்த்துப் பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தடுமாறினால் அரும்பில் உட்காரும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. அடுத்த பருவத்தில் அது மொட்டுக்கு நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. "போன வருஷம் அரும்பில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்கிற டீச்சர் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், சேர்த்துவிடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க விடுவார்களா? எப்போது போகலாம்?

சேர்க்கை விசாரிக்க வந்தேன் என்று சொன்னால் எந்த அரசுப் பள்ளியும் உள்ளே விடும். எச்.எம்.மிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்டு விழா, சுதந்திர தினம் மாதிரி நாட்களில் போய்ப் பயனில்லை. அன்று எல்லாப் பள்ளியும் அழகு. பாடம் நடக்கிற ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். காலை மணி அடிக்கும் முன்பே போய்விட்டால் யார் எப்போது வருகிறார்கள் என்பது தானே தெரியும். திங்கள்கிழமை இறைவணக்கக் கூட்டம் நீண்டுவிடும், வெள்ளி மதியம் பிள்ளைகள் கவனம் வீட்டுப் பக்கம் போயிருக்கும்.

வகுப்பு வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஓட்டுக் கட்டடப் பள்ளியில் நான் முதல்முறை நின்றது நினைவிருக்கிறது. டீச்சர் நாற்காலியில் இல்லை, தரையில் ஐந்தாறு பேரோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு குவியல் புளியங்கொட்டை. "பன்னெண்டுல அஞ்சு எடு" என்றார். ஒரு சிறுமி பன்னிரண்டை எண்ணி வைத்தாள், ஐந்தை எடுத்தாள், மிச்சத்தை எண்ணும்போது ஒன்றை இரண்டு தடவை தொட்டு எட்டு என்றாள். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "தொட்டதைத் தள்ளி வைச்சு எண்ணு" என்றார். அவள் மறுபடி எண்ணி, ஏழு என்று சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தனக்கே நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள், சத்தமாகத்தான் இருந்தது. அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்று நினைத்திருந்த என் கணக்கு அங்கே மாறியது.

கவனிக்க வேண்டியது: பிள்ளைகள் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கிறார்களா, பேசுகிறார்களா, கடைசி வரிசையில் இருப்பவனிடம் டீச்சர் போகிறாரா, கையில் குச்சி இருக்கிறதா. அடிப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. "ரெண்டு போட்டாத்தான் படிக்கும்" என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறோம், அந்தப் பேச்சை வீட்டோடு விட்டுவிடுவோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாமா?

டீச்சர் அனுமதியோடு சொல்லலாம். ஆனால் பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். நான் எப்போதும் நூலக மூலையில் இருந்து ஒரு கதைப் புத்தகம் எடுப்பேன். அதிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும்: புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா, கயிற்றில் தொங்கி ஓரம் மடங்கிப் பிள்ளைகள் கைபட்டிருக்கிறதா. நாலு, ஐந்தாம் வகுப்புக்கு அரசு அனுப்பும் "ஊஞ்சல்" இதழ் கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். கட்டுப் பிரிக்காமல் எச்.எம். அறையில் அடுக்கி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

பிள்ளை தடுமாறினால் அதன் முன்னால் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சோதிக்க வந்தது பள்ளியை.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இது. 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அதற்குக் கட்டணம் கிடையாது. தமிழ் வழியிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது.

என் எண்ணம் தெளிவானது: வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை தொடக்கத்தில் தமிழ் வழியில் படிக்கட்டும். சின்னப் பள்ளிகளில் இரண்டு வழிக்கும் ஒரே டீச்சர்தான். தமிழில் நடத்துவதையே ஆங்கிலத்தில் எழுதவைக்கிறார்கள். கணக்கில் கூட்டலைப் புரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் பிள்ளை "அடிஷன்" என்ற சொல்லோடு மல்லுக்கட்டுகிறது. கையில் வாசிப்பு வந்துவிட்ட பிள்ளை ஆங்கிலத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளும். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் பிடித்தார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. சட்டம் 2010-இல் வந்தது, 2020-இல் திருத்தினார்கள். இப்போது பட்டத்துக்கு மட்டும் தமிழ் வழி என்றால் போதாது; முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். முதல் வகுப்பில் போடும் ஒரு கையெழுத்து இருபது வருஷம் கழித்து வந்து நிற்கும். எந்த வழியில் சேர்த்தாலும் தெரிந்து சேருங்கள்.

ஐந்தோடு முடியும் பள்ளியா, எட்டு வரை உள்ள பள்ளியா?

வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல தொடக்கப் பள்ளி இருந்தால் அதையே விரும்புவேன். சின்னவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பயம் இருக்காது. நடுநிலைப் பள்ளியின் வசதி, ஆறாம் வகுப்புக்கு அலைய வேண்டியதில்லை, பாடத்துக்குத் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் வருவார். ஆனால் அந்தப் பட்டதாரி ஆசிரியர்களைக் காட்டி ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு நடத்தப் போகிறவர் இடைநிலை ஆசிரியர், அதாவது தொடக்க வகுப்புகளுக்கான ஆசிரியர். 1 முதல் 5 வரைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

உதவிபெறும் பள்ளியில் சேர்த்தால் அரசுப் பள்ளிச் சலுகைகள் கிடைக்குமா?

தொடக்க வகுப்பைப் பொறுத்தவரை கவலைப்பட ஒன்றுமில்லை. நூறு வருஷம் தாண்டிய உதவிபெறும் பள்ளிகள் தஞ்சைப் பக்கம் நிறைய உண்டு, அருமையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கவனம் தேவைப்படுவது ஆறாம் வகுப்பில். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. ஐந்து வரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாறினால் பிரச்சினை இல்லை. அங்கேயே எட்டு வரை இருந்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். பொறியியலுக்கும் இதே போல உள் ஒதுக்கீடு இருக்கிறது.

சேர்க்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: "இது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகத்தில் ஒரே பெயரில் இரண்டும் நடப்பதுண்டு. சுயநிதி என்றால் கட்டணம் கேட்பார்கள்.

"அந்தப் பள்ளியில் அந்தத் தெருப் பிள்ளைகள்தான் அதிகம்" என்கிறார்கள். சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பதிலை நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. சேருங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேரலாம். எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல பள்ளி, நல்ல டீச்சர்கள் இருந்தும், இந்த ஒரே காரணத்துக்காகப் பலர் அதைத் தாண்டி வேன் வைத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, ஓர் ஆசிரியர் பணியிடம் போனது. போனது யாருக்கு? அங்கேயே தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு.

பள்ளிக்குள் பார்க்க வேண்டியது வேறு. எல்லாரும் கலந்து உட்காருகிறார்களா, சாப்பாட்டு வரிசையில் பிரிவு தெரிகிறதா, தண்ணீர் எடுத்துவர, பெருக்க எப்போதும் அதே பிள்ளைகளை அனுப்புகிறார்களா? கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. அப்படி நடந்தால் அந்தப் பள்ளி மற்ற எதில் சிறந்திருந்தாலும் எனக்கு வேண்டாம், சும்மா விடவும் மாட்டேன்.

கழிப்பறை, தண்ணீர் பற்றி என்ன பார்ப்பது?

"இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எங்கும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உள்ளே போய்க் குழாயைத் திறங்கள். தண்ணீர் வருகிறதா, குழாய் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிறதா, பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா. சாவி யாரிடம் என்று கேளுங்கள். டீச்சர் பையில் சாவி இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் மாலை வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினால் அதுதான் காரணம்.

காலை உணவு எல்லாப் பள்ளியிலும் உண்டா?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடக்கி வைத்தார்கள், முதலில் மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகளில். 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, நகரப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26. ஆகவே இதை வைத்துப் பள்ளிகளை ஒப்பிட வேண்டியதில்லை. சாம்பாரில் காய் தெரிகிறதா, பிள்ளைகள் மறுபடி வாங்குகிறார்களா என்று ஒருநாள் பார்த்தால் போதும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வரும். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மதியச் சத்துணவுப் பதிவேட்டில் பிள்ளை பெயர் இருக்கட்டும். விலையில்லாச் சீருடை நாலு செட்டும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் கணக்கில்தான் வருகிறது. கௌரவம் பார்த்து "எங்கள் பிள்ளை வீட்டுச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு, பிறகு சீருடை வரவில்லை என்று எச்.எம்.மிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

எவ்வளவு தூரம் வரை போகலாம்?

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பிள்ளை தானாக நடந்து போகிற தூரம் நல்லது. இடையில் வாய்க்காலோ மெயின் ரோடோ இருந்தால் அரைக் கிலோமீட்டரும் தூரம்தான். ஆடி, ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகும்போது ஒருதடவை அந்த வழியில் நடந்து பாருங்கள்.

பிள்ளைகள் குறைவு, மூடிவிடுவார்கள் என்கிறார்களே?

2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத சில பள்ளிகளைத் தற்காலிகமாக மூடி நூலகமாக்கினார்கள். பிள்ளை இருக்கும்வரை மூடுவதைவிட, ஆசிரியரை எடுப்பதுதான் உடனே நடக்கும். ஆகஸ்டு 1-ஆம் தேதிப் பதிவை வைத்து எத்தனை ஆசிரியர் தேவை என்று கணக்கிடுவார்கள். கூடுதலாக இருந்தால் உபரி என்று பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். 61 பிள்ளை இருந்தால் 3 ஆசிரியர், 60 என்றால் 2. ஒரே ஒரு பிள்ளையின் டி.சி. ஓர் ஆசிரியரைக் கொண்டுபோய்விடும். எல்லையில் நிற்கும் பள்ளியில் உங்கள் பிள்ளைதான் அந்த 61-ஆவது ஆளாகவும் இருக்கலாம். அதனால்தான் எங்கள் தெருவில் நாலு குடும்பம் பேசிவைத்து ஒரே பள்ளியில் சேர்த்தோம்.

வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

நாடு முழுக்கப் பள்ளி விவரங்களைத் திரட்டும் அரசுத் தொகுப்புக்கு யு-டைஸ் என்று பெயர்; அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். யு-டைஸ் இணையதளத்தில் அந்த எண்ணையோ ஊரையோ கொடுத்தால் ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரம் கிடைக்கும். எண் பெரும்பாலும் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கும். எதெதைப் போய்ப் பார்ப்பது என்று பட்டியலைச் சுருக்க இது உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். பூட்டிய கழிப்பறையும் அதில் ஒன்று என்றுதான் எண்ணப்படும்.

வயது, ஆவணம்?

ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று இருந்தால் கொண்டுபோங்கள். பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. நுழைவுத் தேர்வும் கிடையாது.

என் பிள்ளைக்கு நடக்க, பேசச் சிரமம். எந்தப் பள்ளி?

பக்கத்துப் பள்ளி மறுக்கக் கூடாது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், இயன்முறைப் பயிற்சியும் நடக்கும். சேர்ப்பதற்கு முன்பே அங்கே போய்ப் பதிவு செய்துவிடுங்கள். பள்ளியில் சாய்தளம் இருக்கிறதா என்பதோடு, அது கழிப்பறை வரை போகிறதா என்றும் பாருங்கள். வகுப்பறை வாசலோடு நின்றுவிடும் சாய்தளங்களே அதிகம்.

நடுவில் பள்ளியை மாற்றினால் பிள்ளை கெட்டுவிடுமா?

நான் மாற்றினேன், நல்லதாகத்தான் ஆனது. ஆனால் முதல் கோபத்தில் மாற்றாதீர்கள். டீச்சரிடம் பேசி ஒரு பருவம் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் பருவத் தொடக்கத்தில் மாற்றுங்கள். புத்தகம் பருவத்துக்குப் பருவம் வருவதால் பிள்ளைக்குக் குழப்பம் குறையும். பழைய டீச்சரிடம் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஒரே ஊரில்தான் இருக்கப் போகிறோம்.

சேர்த்த பிறகு குறை தெரிந்தால் யாரிடம் போவது?

முதலில் வகுப்பு டீச்சர், அப்புறம் எச்.எம். அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பேச வேண்டியதைத் தீர்மானமாக எழுதவையுங்கள். வாய்ப்பேச்சு கூட்டத்தோடு கலைந்துவிடும். ஆசிரியர் காலியிடம் மாதிரி பள்ளியால் தீர்க்க முடியாததை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். கல்வித்துறை உதவி எண் 14417. பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் யாருக்காகவும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, பாதை மாதிரி விஷயங்களுக்குக் கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. எங்கள் ஓட்டுக் கட்டடம் ஒழுகியதை மூன்று கிராம சபையில் சொன்னோம். முதல் இரண்டு தடவை நான் ஒருத்திதான் எழுந்தேன். மூன்றாவது தடவை பதினோரு அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த மழைக்கு முன் ஓடு மாற்றிவிட்டார்கள்.